வால்வைத் திருகிப் பார்த்த ஆய்வு வேண்டும்

கட்டுப்பாட்டுப் பொறியியலில் பல ஆய்வேடுகள் கணினித் திரையில் பிறந்து அங்கேயே முடிந்துவிடுகின்றன. திருப்பூர் வீரபாண்டியில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது போதாது. பருத்திச் சாயக் கழிவுநீரில் சோடா உப்பின் காரம் மிகுதி; அமிலம் சேர்த்து அதை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பி.எச். அளவில் ஒரு படி என்றால் அமிலத்தன்மையில் பத்து மடங்கு மாற்றம். ஓரிடத்தில் நிறைய அமிலம் விழுந்தாலும் அதிகம் அசையாத அளவு, இன்னோரிடத்தில் சிறிது விழுந்தாலே சரிந்துவிடும். அந்த இடமும் அன்றன்று வரும் நீரைப் பொறுத்து நகரும். மின்முனையில் படலம் படியும், வால்வு ஒட்டிக்கொள்ளும், அமிலம் கலக்க நேரமாகும். சமன்பாட்டில் இவற்றை எழுதலாம். ஆனால் எதை எழுத வேண்டும் என்பதைத் தொட்டியருகே நின்றவரே அறிவார். சீக்லரும் நிக்கோல்ஸும் 1942-இல் வெளியிட்ட கட்டுப்படுத்திச் சீரமைப்பு முறைகளில் ஒன்றின் அடிப்படையே, ஓடும் அமைப்பு ஊசலாடத் தொடங்கும் எல்லைவரை சென்று அளப்பதுதான். கணினி ஒத்திகை தேவை. ஆபத்தான தவறுகளை அது முன்கூட்டியே காட்டும். ஆனால் ஒத்திகையை அரங்கேற்றமாகக் கொள்ளக் கூடாது. சுத்திகரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை இவ்வூர் அறியும்: கழிவுநீர் வெளியேற்றத்தை நிறுத்தாததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆறும் தொழிலாளர் பிழைப்பும் சேர்ந்தே அடிவாங்கின. இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் உண்மையான கழிவுநீரில் இயங்கும் சிறு சோதனைத் தொட்டிகளை அமைக்கட்டும். தோற்ற சோதனையையும் ஆய்வு முடிவாக ஏற்கட்டும்.