ஒன்பது நாளில் எவரெஸ்ட்

அண்ணாந்து பார்க்க ஆதிரத்தினேஸ்வரர் கோயில் கோபுரம், ஏறி நிற்கக் கண்மாய்க் கரை. திருவாடானையில் உயரம் என்றால் அவ்வளவுதான். அங்கே வளர்ந்ததால் எனக்கு மலைக் கிறுக்கு கொஞ்சம் அதிகம். மலையேறப் போகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த எக்செல் தாள் மேல்.

ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து நேபாளத்துக்குப் போட்ட திட்டம் அது. லுக்லாவில் இறங்கி, 5364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போய்த் திரும்ப ஒன்பது நாள். வழக்கமாகப் பன்னிரண்டு நாளாவது பிடிக்கும் நடை. "நாம்சேல எதுக்குடா ஒரு நாள் சும்மா உக்காரணும்? எல்லாரும் ஜிம்முக்குப் போற பசங்கதான மாப்ள" என்றான் ஒருவன். அந்த நாள் தாளிலிருந்து காணாமல் போனது.

3000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். முகாமில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் தொண்டிக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. ஜிம் உடம்பு இதற்குக் காப்பல்ல. வேகமாக ஏற வைத்து ஆளை மாட்டிவிடவும் செய்யும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. அதற்குத் தாளில் நாளே இல்லை. சர்வருக்கு பஃபர் வைக்காமல் ஒரு ரிலீஸ் போகமாட்டோம், நுரையீரலுக்கு மட்டும் வேண்டாமாம்.

"முடியலன்னா ஹெலிகாப்டர். இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

இருக்கிறது, நமக்கு. மூட்டை தூக்கி வருபவருக்கு?

தாளில் முதலில் இரண்டு போர்ட்டர்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று ஒருவரை வெட்டினார்கள். ஆளுக்குப் பத்து கிலோ என்றாலே நாற்பது கிலோ ஆகிறது. அங்கே வழக்கமான உச்சவரம்பு முப்பது. கேட்டால், "ஷெர்பாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்கிறார்கள். ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர், வேலையின் பெயர் அல்ல. போர்ட்டர்களில் பலர் கீழ்மலைகளிலிருந்து கூலிக்கு வரும் ராய், தமாங் மக்கள். மேலே காற்று அவர்களுக்கும் புதிதுதான், தலைவலியும் வாந்தியும் அவர்களுக்கும் வரும். டோகோ கூடையின் பட்டை நெற்றியில் இறுக்க நடந்துகொண்டிருப்பவர் அதை நம்மிடம் சொல்லமாட்டார்.

என் மாமா ஒருவர் கருவேலங்கரி மூட்டை ஏற்றியவர். "இன்னும் ஒண்ணு வையிப்பா" என்று லாரிக்காரர் சொன்னால் வைப்பார். முடியாது என்றால் மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்து, "மாமாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம். சின்ன வயது.

2014 அக்டோபரில் நம் வங்கக் கடலில் உருவாகி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயல், இரண்டு நாளில் அன்னபூர்ணா பக்கம் பனியாகக் கொட்டியது. தோராங் கணவாய்ப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் வெளிநாட்டுப் பயணிகளோடு நேபாள வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டக் குரங்கணி. வார இறுதியில் மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதில் நம் துறைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் கேண்டீனில் வேறு பேச்சில்லை. அடுத்த மாதமே மறந்துவிட்டோம்.

தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பதினான்கு நாள், இரண்டு போர்ட்டர், அவர்களுக்கும் காப்பீடு, அவர்களுக்கும் குளிர் ஜாக்கெட். லீவு கிடைக்காது என்று ஒருவன் கழன்றுகொண்டான். கிடைக்காவிட்டால் போகாதே, மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொருவன் கேட்டிருக்கிறான்: "போர்ட்டருக்கு ஜாக்கெட் நாமளாடா வாங்கித் தரணும்?"

ஆமாடா, நாமதான்.