வெற்றிலைச் சுண்ணாம்பின் சாட்சி

வெற்றிலைப் பெட்டியிலிருக்கும் சுண்ணாம்பு இலையில் தடவ மட்டுந்தானா? கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை அதைக் கொண்டு கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்!

வெள்ளைச் சுண்ணாம்பு சுண்டைக்காய் அளவு எடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, இறுக மூடி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காற்றுப் பட்டுக் காய்ந்து கட்டியான சுண்ணாம்பு உதவாது. மறுநாள் மேலே நிற்கும் தெளிவை மட்டும், கலங்காமல், ஒரு கண்ணாடித் தம்ளரில் இறுத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு குழலை விட்டு மெல்ல ஊதுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு நீர் வாயையும் கண்ணையும் எரிக்கும். ஆகவே, குழந்தைகள் ஊதும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

சற்று நேரத்தில் தெளிநீர் மோர் போல் வெளுத்துவிடும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்பொடியாக மாறுவதே காரணம். வெளிக்காற்றில் இந்த வாயு 10,000 பங்குக்குச் சுமார் 4 பங்குதான். நாம் விடும் மூச்சிலோ 100-க்குச் சுமார் 4!

ஸ்காட்லாந்தின் ரசாயன நிபுணர் ஜோஸப் பிளாக் 1756-ல் இந்த வாயுவைப் பற்றிய தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். மூச்சில் மட்டுமல்ல, எரியும் கரியிலிருந்தும் இதே வாயு வருகிறது என்பதைப் பின்னர் அவர் கண்டார். இட்லி மாவு பொங்குவதும் இதனால்தான்.

எரியும் கரி என்றேனே, அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுண்ணாம்பு நீரும் அதைக் காட்டிக் கொடுக்காது! குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தி, கணப்புச் சட்டியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு படுத்தவர்கள் உறக்கத்திலேயே மாண்டதுண்டு. 'புகை அடங்கித் தணலாகிவிட்டதே, இனி என்ன பயம்?' என்ற நம்பிக்கைதான் எமன்.

மூடிய அறையில் கரி எரியும்போது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு கண்டால், எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, டாக்டரை நாடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் கதகதப்பு வேண்டுமா? கனத்த உடை உடுத்துங்கள். தணல் மட்டும் படுக்கையறைக்கு வேண்டவே வேண்டாம்.