விமான ஊழியர் ஆட்குறைப்பு: பணிநீக்கக் கடிதம் வருமுன் சமரசப் பேச்சு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்: சந்தாபுரா, அத்திபெலே வட்டாரத்தில் குடியிருக்கும் விமான நிறுவன ஊழியர்களின் சங்கம்
பெறுநர்: மண்டலத் தொழிலாளர் ஆணையர் (மத்திய), பெங்களூரு
நகல்: தொழிலாளர் துறை அமைச்சர், கர்நாடக அரசு

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரிலும் ரேம்ப்பிலும் சரக்குப் பிரிவிலும் விமானத்துக்குள்ளும் வேலை செய்கிறவர்கள். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. வாடகை கட்டுபடியாகும் என்பதால் தெற்கே ஓசூர் சாலையோரம் குடியிருக்கிறோம். விடியற்கால ஷிப்டுக்கு நள்ளிரவிலேயே கிளம்பிப் போகிறோம். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து.

எங்களில் பலர் பணிபுரியும் நிறுவனம் ஒரு சுற்று ஆட்குறைப்பை முடித்துவிட்டது. போனவர்களின் வேலையும் இருப்பவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்த சுற்றும் வருகிறது என்று மேலாளர்களே சொல்கிறார்கள். எந்தப் பிரிவில், எத்தனை பேர், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் ஒன்றும் தரவில்லை. சிலரைத் தனியறைக்கு அழைத்து, தயாராக வைத்திருக்கும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. சட்டப்படியான இழப்பீடும் கிடையாது. நாங்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

கடைசி நேரத்தில் நியாயம் கேட்பவர்களின் கதி இந்த ஊருக்குத் தெரியும். பெங்களூருவில் தலைமையகம் வைத்திருந்த கிங்ஃபிஷரின் உரிமம் 2012 அக்டோபரில் நிறுத்திவைக்கப்பட்டபோது, ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று அதைக் கலைக்க உத்தரவிடும் வரை ஊழியர்கள் நிலுவைக்காக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

காலம் தாழ்த்தாமல் பேசியபோது பலன் கிடைத்ததும் உண்டு. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நீக்கிய 25 கேபின் ஊழியர்களை, டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் (மத்திய) முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டது. தங்கள் துறையின் தலையீட்டால் நடந்தது அது. அதையே பெங்களூருவிலும் கேட்கிறோம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில், ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி பெறும் கட்டாயம் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும்தான் உண்டு, அதுவும் 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் மட்டும். பழைய 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விமான நிறுவனம் அந்த வரம்புக்கு வெளியேதான் இருந்தது. ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆளைக் குறைக்கலாம் என்பது பெரிய அநியாயம். விமானப் போக்குவரத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்குமாறு தாங்கள் மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

அது நிறைவேற நாளாகும். உடனே செய்யக்கூடியது தங்கள் கையிலேயே இருக்கிறது. தகராறு எழும் என்று அஞ்ச இடமிருந்தாலே சமரச நடவடிக்கை தொடங்கலாம் என்கிறது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் 53ஆம் பிரிவு. அது நடக்கும்போது, தகராறுக்குரிய விஷயத்தில் நிறுவனம் தன்னிச்சையாகப் பணி நிலைமைகளை மாற்ற முடியாதபடி 90ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே நிறுவன நிர்வாகத்தையும் எங்கள் பிரதிநிதிகளையும் உடனடியாக ஒன்றாக அழைத்துப் பேச வேண்டும். ஆட்குறைப்புத் திட்டம் முழுவதையும், பிரிவுவாரிப் பணிமூப்புப் பட்டியலையும் அந்தக் கூட்டத்தில் வைக்க நிர்வாகத்துக்கு உத்தரவிட வேண்டும்.

மிரட்டி வாங்கிய ராஜினாமாக்களை விசாரித்து, அவற்றை ஆட்குறைப்பாகவே கணக்கில் கொள்ள வேண்டும். குறைத்தே தீர வேண்டும் என்று நிர்வாகம் நிரூபித்தால், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்ற வரிசை, ஒரு மாத முன்னறிவிப்பு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதிய இழப்பீடு, மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் ஊதியம், இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கி ஆகிய எல்லாம் தவறாமல் கிடைக்க வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவர்களுக்கே முதலிடம் தர வேண்டும்.

சரக்கு ஏற்றும் லோடர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். எந்தச் சுற்றிலும் முதலில் போகிறவர்கள் அவர்கள்தான். பெயர்கூடக் கணக்கில் வருவதில்லை. சமரசக் கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும். பி.எஃப். தொகை ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே ஆய்வு செய்ய வேண்டும்.

அடுத்த மாத ரோஸ்டர் வெளியாகுமுன் கூட்டத்துக்கான தேதியை எங்களுக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். இம்மனுவின் கன்னட, ஆங்கிலப் படிகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள்
இடம்: சந்தாபுரா