விரலுக்கும் சரளி வரிசை

“பாப்பா பியானோ கத்துக்கறா. தினம் ஒரு மணி நேரம் விரல் பயிற்சி. கை வலிக்குதுங்கறா. விடாம வாசிக்கச் சொல்லலாமுங்களா?” என்று சாய்பாபா காலனி வாசகி ஒருவர் கேட்கிறார்.

வலியோடு வாசிக்க வைக்காதீங்க, அம்மணி! அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீணைக்குச் சரளி வரிசை மாதிரி, பியானோவுக்கு பிரான்ஸ் நாட்டு ஹானோன் 1873-ல் வெளியிட்ட 60 பயிற்சிகள் உண்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் மற்ற விரல்களுக்குச் சமமாகப் பேச வேண்டும் என்பதே நோக்கம்.

ஜெர்மானிய இசைமேதை ஷூமான் 1830-களில் விரலுக்கு வலுவேற்ற ஒரு கருவியை மாட்டிக்கூடப் பழகினார். வலக்கை விரல் கெட்டு, மேடையில் பியானோ வாசிக்கும் கனவையே விட வேண்டியதாயிற்று.

என் பேத்திக்கு நான் வைத்திருக்கும் கணக்கு பத்தே நிமிஷம். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரட்டும். எட்டாவிட்டால் நாற்காலியில் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். தோளைத் தூக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிடித்தாற்போல் விரல் வளைந்திருக்கட்டும். மெதுவாக, ஒரே சீராக வாசிக்கட்டும். வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வுக்குப் பின்னும் வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வேகம் பின்னால் தானே வருமுங்க. விரல் போனால் வராது.