மூதாதையர் ஊரும் பழைய பேரேடும்

நமது சங்க அங்கத்தினர் பலரிடையே ஒரு நல்ல வழக்கம் வேரூன்றி வருகிறது. மாசியிலோ ஆடியிலோ ஒரு வேன் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குச் செல்கின்றனர்; பொங்கலிட்டு, பாட்டன் முப்பாட்டன் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டித் திரும்புகின்றனர். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், அவ்வாறு சென்று வருவோர் பெருமையை மட்டுமே மூட்டை கட்டிக்கொண்டு வருகின்றனர் என்பது நம் அபிப்பிராயம். நாமும் அப்படித்தான் புறப்பட்டோம். ஆதலின் பிறரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

நம் பாட்டனார் நெசவுத் தொழிலினர். தம் தறியில் நெய்ததையும் அண்டை வீட்டுத் தறிகளில் வாங்கியதையும் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலையேறி விற்றவர். புலி நடமாடும் காட்டில் தன்னந்தனியே சென்று வந்தார் என்பது நம் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. (அப்புலி ஆண்டுக்கு ஆண்டு பெருத்தே வந்திருக்கிறது.) அவர் நடந்த வழியைக் காணும் ஆவலில் சென்ற மாசித் திங்களில் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டோம். கச்சிராயபாளையம் வரை கரும்புக் கொல்லைகள். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கே உள்ளது. அப்பால் கோமுகி அணை. அது 1960-களில் கட்டப்பட்டதாதலால் பாட்டனார் அதனைக் கண்டிருக்க மாட்டார், ஆற்றோரமாகவே நடந்திருப்பார். பிறகு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, வெள்ளிமலை, கரியாலூர். அவருக்கு இரண்டு நாள் வழியாக இருந்தது நமக்கு ஒரு காலைப் பொழுதில் முடிந்தது.

மலையில் வாழும் பெருங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டு மொழிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பிறகு என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரியாலூரை அடுத்த ஒரு சிற்றூரில் முற்றத்தில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நம் ஊர்ப் பெயரைச் சொன்னோம். “துணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளா?” என்று அவர் கேட்டதும் நமக்கு உண்டான பூரிப்பு சொல்லுந் தரமன்று. திண்ணையில் அமரச் செய்து தண்ணீர் கொடுத்தார். பாட்டனார் இனிய சொல்லினர் என்றும், குழந்தைகளுக்கு வெல்லக்கட்டி தருவார் என்றும் கூறினார். அடுத்து, சிறிதும் கசப்பின்றி இன்னொன்றும் கூறினார். தம் தமக்கையின் திருமணத்துக்குத் தம் தந்தை கடனாக வாங்கிய துணிக்கு, தந்தை இறக்கும்வரை ஆண்டுதோறும் கடுக்காய் மூட்டை கீழே போய்க்கொண்டிருந்ததாம். மூட்டைக்கு விலை வைத்தவர் துணிக்காரரே. கணக்கு என்றைக்குத் தீர்ந்தது என்பது அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர் திரும்பியதும் பரணில் கிடந்த பேரேட்டை இறக்கினோம். பற்றுப் பத்தியில் வேட்டி, சேலை, உப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய் அணா விவரம் முத்து முத்தாக எழுதப்பட்டிருக்கிறது. வரவுப் பத்தியில் கடுக்காய், புளி, தேன் என்று மூட்டையும் படியும் மட்டுமே உள்ளன. விலை ஓரிடத்திலும் இல்லை. நாம் இத்தனை காலம் புலிக்கதை கேட்டு வளர்ந்த வீட்டிலேயே அந்நோட்டும் இருந்தது.

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் குடியானவரையும் கைத்தொழிலாளரையும் வட்டிக்காரரின் பிடியிலிருந்து மீட்கப் பிறந்தது என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வட்டிக்காரர் எப்பொழுதும் வேறு யாரோ ஒருவர். நம் பாட்டனார் அல்லர்! கீழே நூல் வியாபாரியிடம் கடன்பட்ட அதே நெசவாளர், மேலே சென்று கடன் கொடுத்தவராகவும் இருந்திருக்கிறார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுவது பொய்க்கணக்கு எழுதுவதற்கு ஒப்பாகும்.

இவ்விஷயத்தில் மலையாளிகள் நம்மினும் நேர்மையானவர்கள் என்றே தோன்றுகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பதும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பதும் அவர்களிடையே வழங்கும் மரபு. அதனோடு இன்னொரு கதையும் உண்டு. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய நூலில், தென்னார்க்காட்டு மலைகளின் மலையாளிகள் கூறியதாக அது காணப்படுகிறது. முன்பு இங்கு வாழ்ந்த வேடர்களைத் தம் முன்னோர் கொன்று, அவர்தம் பெண்டிரை மணந்தனராம். அந்த வேடக் கணவன் இறந்ததைக் குறிக்கத் திருமணத்தில் வானை நோக்கித் துப்பாக்கி வெடிப்பது வழக்கம் என்றும் அந்நூல் கூறுகிறது. தம் முன்னோர் செய்த தீங்கை மணப்பந்தலில், உறவினர் அனைவரும் கேட்க, உரக்கச் சொன்னவர்கள் அவர்கள். நாமோ பேரேட்டைப் பரணில் போட்டு வைத்தோம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நம் வேண்டுகோள்: மூதாதையர் ஊருக்குச் செல்லும்போது பழைய நோட்டுகளையும் பத்திரங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள். உங்கள் இனத்தாரிடம் மட்டுமன்றி, உங்கள் பாட்டனாரோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் வீட்டிலும் சற்று நேரம் அமருங்கள். முதியவர்கள் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு யோசனை உண்டு. பருத்தி நூல் இயற்கைச் சாயத்தை எளிதில் பற்றுவதில்லை. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஊறிய பிறகே படிகாரமும் சாயமும் நிலைக்கின்றன. இயற்கைச் சாயத் துணிக்குக் கிராக்கி ஏற்பட்டிருக்கும் இந்நாளில், நெசவாளர் சங்கங்கள் கடுக்காயைக் கடைத்தெருவில் வாங்குவது ஏன்? லேம்ப் சங்கம் என மக்கள் சுருக்கி அழைக்கும் மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சிறு வன விளைபொருள்களின் மீது அவற்றைச் சேகரிப்போருக்கு உரிமை வழங்கிய வன உரிமைச் சட்டமும் 2006-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. சங்கத்துக்குச் சங்கம் நேராக வாங்கலாம். இதுபற்றி நம் நிர்வாகக் குழுவுக்கு எழுதியுள்ளோம்; அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் தெரிவித்திருக்கிறார். குழு இசையுமாயின் வரும் தையில் முதற்கொள்முதலைத் தொடங்கலாம். விலையை முன்கூட்டியே பேசி எழுதிவிட வேண்டும்; தராசை மலைக்குக் கொண்டுபோய், விற்பவர் முற்றத்திலேயே எடை போட வேண்டும்.