மனசு வைத்தால் எழுந்துவிடுவாராம்

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. மனசு வெச்சா எந்திரிச்சு நடப்பாரு." போன மாதம் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் சித்தப்பாவைப் பற்றி வழங்கிய தீர்ப்பு இது. சித்தப்பா நாலு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பார்க்கின்சன் நோய். காது நன்றாகக் கேட்கும்.

இந்தத் தீர்ப்பு வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை எந்த டீக்கடையிலும் இலவசமாகக் கிடைக்கும். பார்க்கின்சன் என்றால் கை நடுங்கும், நடை தடுமாறும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் சோம்பேறித்தனம். கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமானால் திமிர். பேத்தி ஓடி வந்து மடியில் ஏறியும் முகம் மலரவில்லையா, கல்மனசு. முகத்தின் தசைகள் இறுகுவதும் அந்த நோயின் வேலைதான் என்று யாராவது சொன்னால், "நீங்க அவருக்கு வக்காலத்து வாங்கறீங்க" என்பார்கள்.

யாரைச் சோம்பேறி என்கிறார்கள் தெரியுமா? ஆளியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முறை வைத்து வரும் நாட்களில், ராத்திரி ரெண்டு மணிக்கு முறை என்றால் ஒன்றரைக்கே மண்வெட்டியோடு மடையில் நின்ற மனிதரை. அலாரம் வைத்ததில்லை, யாரும் எழுப்பியதில்லை. மழையில் வரப்பு உடைந்தால் அடுத்தவன் வயலுக்கும் சேர்த்து அணை போட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் அறுபத்தைந்து வயதில் திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சோம்பேறியாக மாறுவது என்று முடிவெடுத்தாராம்! நம்புகிறவர்கள் நம்பட்டும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். சித்தியே சொல்வார்: "சொன்னா செய்யறாரு. குளிங்கன்னா குளிக்கறாரு, சாப்பிடுங்கன்னா சாப்பிடறாரு. சொல்லலைன்னா நாள் பூரா திண்ணைதான். அப்ப முடியாம இல்லையே, நடிப்புத்தானே?" சித்தி நடிப்பு என்று காட்டும் இந்த அடையாளம்தான் நோயின் அச்சு அசல் அடையாளம். மூளையின் அடியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். டோபமின் கையையும் காலையும் மட்டும் ஆட்டி வைப்பதில்லை. மூளையின் ஆழத்திலிருந்து முன்மூளைக்குப் போகும் சில பாதைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. எதைச் செய்யலாம், எதை முதலில் செய்யலாம், செய்தால் என்ன சுகம் என்று முடிவாவது அங்கே. அந்தப் பாதைகள் வறண்டால், தானாகத் தொடங்குவது போய்விடும். வெளியிலிருந்து ஒரு குரல் வந்தால் வேலை நடக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் பழுதில்லை, ஸ்டார்ட்டரைத்தான் யாராவது வெளியிலிருந்து அமுக்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணி மடைக்குத் தானாக எழுந்த மனிதருக்குள் எது போய்விட்டது என்று இப்போது புரிகிறதா, ஐயா தலைமையாசிரியரே?

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த நோயாளிகளில் 10 பேரில் சுமார் 4 பேருக்கு இந்த ஆர்வமின்மை இருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வும் கிடையாது, அறிவுத் தடுமாற்றமும் கிடையாது. மனச்சோர்வுள்ளவர் அழுவார், தூங்காமல் புரள்வார். ஆர்வம் வற்றியவருக்கு வருத்தமே இல்லை, அதுதான் பிரச்சினை.

இங்கே பாலக்காட்டுக்காரர்களிடம் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. "ஓ.வி. விஜயன் இதே நோயோட நாவல் எழுதலையா?" எழுதினார். தஸ்ராக் கிராமத்தைத் தன் நாவலில் கசாக்காக்கிய மலையாள எழுத்தாளர், ஏறக்குறைய 20 வருடம் பார்க்கின்சனோடு வாழ்ந்து 2005-ல் இறந்தார். கார்ட்டூன் வரைந்த கை அது. 1997-ல் 'தலமுறகள்' நாவலும் வந்தது. கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் 10 பேரில் 4 பேருக்கு ஆர்வம் வற்றுகிறது என்றால் மற்ற 6 பேருக்கு வற்றவில்லை என்றுதானே அர்த்தம்? விஜயனைக் காட்டி என் சித்தப்பாவை அடிக்கும் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது? உங்கள் பள்ளிக்கூடத்திலா, தலைமையாசிரியரே?

பழி முழுவதையும் நம் ஊர்க்காரர்கள்மீது மட்டும் போட மனமில்லை. 1817-ல் லண்டனில் இந்த நோயை முதலில் விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களுக்கும் அறிவுக்கும் சேதமில்லை என்றுதான் எழுதிவைத்தார். அவர் விவரித்தது மொத்தம் 6 பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. தெருவில் பார்த்து அறிவை எடைபோடும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போலும்! ஆனால் பின்னாளில் சிட்னியில் பார்க்கின்சன் நோயாளிகளை 20 வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். அத்தனை காலம் உயிரோடிருந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அறிவிழப்பு நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நம் டீக்கடைக்கு மட்டும் இன்னும் 1817.

கேரளத்துத் தேயிலை மலையில், சூரியநெல்லிப் பக்கம் என் மனைவியின் அத்தை ஒருவர் இருக்கிறார். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர், அவருக்கும் இதே நோய். ஒரே நேரத்தில் சோறும் குழம்பும் பொரியலும் பார்க்க இப்போது அவரால் முடியவில்லை. ஒன்றை வைத்தால் இன்னொன்று தீய்கிறது. ஒரு பெயரைக் கேட்டால் வராது, முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் பளிச்சென்று வரும். "பாத்தியா, ஞாபகம் இருக்கு, வேணும்னே மறக்கறா" என்கிறார் மருமகள். பார்க்கின்சனில் வரும் மறதி பெரும்பாலும் இப்படித்தான். சேமித்தது உள்ளே இருக்கும், தேடி எடுப்பதுதான் தடுமாறும்.

அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். பேர் வேண்டாம். ஞாபகசக்திச் சோதனை முழுக்க மலையாளத்தில். இது என்ன மாசம் என்று கேட்டார்களாம். அத்தை "ஆவணி" என்றார். அதன் மலையாளப் பெயரான "சிங்ஙம்" வரவில்லை, மார்க் போச்சு. வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசிய எஸ்டேட் பெண்மணிக்கு அறிவு குறைந்துவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. 1956-ல் மாநில எல்லைக்கோடு போட்டவர்கள் சிற்றூரிலும் தேவிகுளத்திலும் தமிழ் பேசும் மூளைகள் இருக்கின்றன என்பதை எங்கேயும் குறித்துவைக்கவில்லை போலிருக்கிறது. கேரளத்தின் சுகாதாரப் பெருமை எனக்கும் பெருமைதான். ஆனாலும் சிகிச்சைக்காகப் போடிமெட்டு இறங்கித் தேனிக்கு ஓடுகிறவர்களும், வாளையாறு தாண்டிக் கோயமுத்தூருக்கு ஓடுகிறவர்களும் காற்று வாங்கவா ஓடுகிறார்கள்?  

பொடி வியாபாரிகளையும் விட முடியாது. பூனைக்காலி விதையில் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா இருப்பது உண்மை. 1937-ல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக அளவு தெரியாத பொடியை டப்பாவில் அடைத்து, "நடுக்கம் போகும், சுறுசுறுப்பு வரும்" என்று விற்பது எந்த ஊர் நியாயம்? லெவோடோபா மாத்திரையே கைகாலுக்கு உதவும் அளவுக்கு இந்த ஆர்வமின்மைக்கு உதவுவதில்லை.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளுக்குள் பார்க்கின்சனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நம் ஊர்ப் பந்திகளுக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு மடை திறந்த ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லும் துணிச்சல், அந்த நேரத்தில் குறட்டை விட்டவர்களுக்குத்தான் வரும்.

வீட்டில் இந்த நோயாளி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நடுக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். தானாக எதையும் தொடங்குவதில்லை, கணக்கு தடுமாறுகிறது, இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். பழைய மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பக்கூடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், இது இவருக்குத் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். சோதனை தமிழில் வேண்டுமென்றும் கேளுங்கள்.