தருமபுரிக்கு எத்தனை எழுத்து?

இன்றைக்கு ஒரு திட்டம் தொடங்குகிறவர்கள் நிரலில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஆறு காவல்காரர்களை நியமித்துவிடுகிறார்கள். அதுதான் தொழில்நேர்த்தியாம். எனக்கு இது நேர்த்தியாகத் தெரியவில்லை, பந்தாவாகத்தான் தெரிகிறது.

நிரல் எழுதாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். லிண்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் துகள். 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் என்பவர், சி மொழி நிரலில் இருக்கும் துகள்களைப் பொறுக்கிக் காட்ட ஒரு கருவி செய்து அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். மெய்ப்புத் திருத்துபவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்காத மாறி, யாரும் பயன்படுத்தாத செயற்கூறு என்று சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும். நல்ல வேலை. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை கமிட் குறிப்பில். நிரலில் ஒரு மாற்றம் செய்து கிட்டில் சேமிக்கும்போது, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நிரலைத் திறந்து தலையைச் சொறியும்போது நம்மிடம் பேசுவது அந்தக் குறிப்பு மட்டும்தான். இப்போது அதைச் சோதிக்கவும் கருவி வந்துவிட்டது. கமிட்லின்ட் என்று பெயர். அதன் வழக்கமான விதிமுறைப்படி குறிப்பின் முதல் சொல் பதினொரு ஆங்கிலச் சொற்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: ஃபீட், ஃபிக்ஸ், சோர்... (சோர் என்றால் எங்க ஊர்ல எடுபிடி வேலை. எந்த மாற்றம் எடுபிடி, எது இல்லை என்று முடிவு செய்வதற்குள் டீ ஆறிவிடும்.) முதல் வரி 100 குறிகளைத் தாண்டக் கூடாது. முற்றுப்புள்ளியும் வைக்கக் கூடாது.

தருமபுரியில் சனிக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு நிரல் சொல்லித்தருகிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், புளி வாங்கி விற்கும் தன் மாமாவுக்காக ஒரு கணக்கு நிரல் எழுதினாள். அதில் அவள் போட்ட குறிப்பு இது: “சாக்கு எடையைக் கழித்த பிறகே மண்டியில் விலை பேசுகிறார்கள், அதனால் நிகர எடையை மட்டும் சேமிக்கிறோம்.”

நான் படித்த கமிட் குறிப்புகளில் இது முதல் தரம். உலகத்தில் என்ன நடக்கிறது, அதனால் நிரல் ஏன் இப்படி இருக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். ஆனால் பெங்களூரில் வேலை பார்க்கும் யாரோ ஒரு சீனியரிடமிருந்து வாங்கிய மாதிரித் திட்டத்தில் கமிட்லின்ட் உட்கார்ந்திருந்தது. “வகை இல்லை, பொருள் இல்லை” என்று சிவப்பில் கத்தித் திருப்பி அனுப்பியது. சரி என்று முன்னால் ஃபிக்ஸ் சேர்த்தாள். இப்போது நீளம் அதிகமாம். கடைசியில் “ஃபிக்ஸ்: ஃபிக்ஸ் பக்” என்று ஆங்கிலத்தில் அடித்தாள். பச்சை விழுந்துவிட்டது. பொருள் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிய அதே கருவிக்கு, இதில் பொருள் இருக்கிறதாம்!

அந்த நீளக் கணக்கை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவள் எழுதியதில் 48 தமிழ் எழுத்துகள். இடைவெளி, குறிகள் சேர்த்தால் 61. ஆனால் கருவிக்கு அது 97. ஃபிக்ஸ், முக்காற்புள்ளி, இடைவெளி சேர்ந்தால் 102. முற்றுப்புள்ளியைப் பிடுங்கினாலும் 101. காரணம் எளிது. ‘ரு’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் ‘ர’ ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘தருமபுரி’ நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் 8 குறி. பைட்டாக எண்ணினால் 24. ஆங்கிலத்தில் எழுதினாலோ எந்த வழியில் எண்ணினாலும் 10தான். பைட்டை எண்ணி 72இல் நிறுத்தும் கையெழுத்துச் சோதனைகளும் புழக்கத்தில் உண்டு. அங்கே ஊர்ப் பெயரை இடைவெளி இல்லாமல் மூன்று தடவை எழுதினாலே இடம் காலி.

பைதானில் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். மொழியே அனுமதிக்கிறது. ஆனால் ‘எடை’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்துப் பைலின்ட்டை ஓட்டிப் பாருங்கள், ஆஸ்கி அல்லாத பெயர் என்று முகம் சுளிக்கும். வீட்டுக்காரர் வாங்க என்கிறார், வாட்ச்மேன் செருப்பைப் பார்க்கிறார்.

“நாளைக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனால் ஆங்கிலத்தில்தானே எழுதணும், இப்பவே பழகட்டுமே” என்பார்கள். நியாயமான பேச்சு. கன்னடக்காரரும் இந்திக்காரரும் இருக்கிற குழுவில் ஆங்கிலத்தில் எழுதட்டும், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் பழக வேண்டியது காரணத்தை எழுதும் பழக்கம். அது யோசிக்கிற மொழியில்தான் முதலில் வரும். “ஃபிக்ஸ் பக்” என்று எழுதிப் பழகியவள் பெங்களூரிலும் அதைத்தான் எழுதுவாள்.

அப்புறம் பாரம். பைதானில் எழுதிய ஒரு சின்ன நிரலுக்குக் கமிட்லின்ட் வேண்டுமென்றால் நோடும் அதன் மூட்டை முடிச்சுகளும் வந்து இறங்க வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிற பிள்ளைக்கு அதிலேயே டேட்டா கரையும். ரஃப் ஒன்று போதும். வடிவமைப்பு, லிண்ட் இரண்டையும் ஒரே கருவி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். இடைவெளி நாலா எட்டா, மேற்கோள் ஒற்றையா இரட்டையா என்பதையெல்லாம் அதனிடமே விட்டுவிடலாம். அதில் மனிதர்கள் சண்டை போடுவது வீண். லிண்ட் விதிகளில் உண்மையான பிழையைப் பிடிப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். கமிட் குறிப்பைக் கூட வேலை பார்க்கும் ஒரு ஆள் படித்துப் பார்க்கட்டும்.

தமிழுக்கென்று ஒரு காவல்காரர் வேண்டும் என்றால் உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. மாமாவின் பட்டியலில் ‘கொட்டை எடுத்த புளி’ இரண்டு பொருளாகப் பிரிந்து கிடந்தது இதனால்தான். கமிட்லின்ட் இதைக் கண்டுகொள்ளாது. யூனிகோடை ஒருமுகப்படுத்தும் வசதி பைதானிலேயே இருக்கிறது, எழுத்துகளைத் தமிழ் முறையில் எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு சோதனை எழுதிவிட்டோம், இருபது வரிகூட வரவில்லை. கமிட்லின்ட்டைத் தூக்கியாயிற்று. சாக்கு எடை பற்றிய குறிப்பு, முற்றுப்புள்ளியோடு, அவள் எழுதியபடியே இப்போது உள்ளே இருக்கிறது.